பள்ளியில் பிள்ளைக்குத் தடுப்பூசி: யார் போடலாம், யார் போடக்கூடாது?

வாசகி கேள்வி: அம்மா, வணக்கம். எனக்கு இரண்டு பிள்ளைகள். மகன் அரசு உதவி பெறும் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். வரும் புதன்கிழமை பள்ளியிலேயே டிடி தடுப்பூசி போடுகிறார்கள், பெற்றோர் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்று ஒரு தாள் வந்திருக்கிறது. விசாரித்தால் டாக்டர் வரமாட்டாராம், எங்கள் ஊர் நர்ஸம்மா மட்டும் வந்து போடுவாராம். திருவள்ளூரில் குழந்தைகள் இறந்தபோது டாக்டர் இல்லாமல் ஊசி போடக்கூடாது என்று அரசாங்கமே சொன்னது என்கிறார் என் கணவர். மகனுக்கு வலிப்பு இருந்தது. இரண்டு வருடமாக வரவில்லை, மாத்திரை மட்டும் சாப்பிடுகிறான். மகள் தனியார் மெட்ரிக் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. அங்கே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி முகாம் நடத்துகிறார்கள். கட்டணம் உண்டு. “பயிற்சி பெற்ற குழுவினர் போடுவார்கள்” என்பதைத் தவிர வேறு விவரம் இல்லை. போன வருடம் அந்தப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு ஊசி போட்டபோது ஏழெட்டுப் பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். பள்ளியில் ஊசி போட யாருக்குத்தான் தகுதி இருக்கிறது? நான் கையெழுத்துப் போடலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர் மாவட்டம்)

அன்புள்ள சகோதரிக்கு,

புதன்கிழமை நெருங்கிவிட்டதால் மகன் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தைரியமாகக் கையெழுத்துப் போடுங்கள். டிடி என்பது ரணஜன்னி (டெட்டனஸ்), தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) என்ற இரண்டு நோய்களைத் தடுக்கும் ஊசி. உங்கள் ஊர் நர்ஸம்மா அதைப் போடலாம். சொல்லப்போனால் போட வேண்டியவரே அவர்தான். மகளின் முகாமுக்கு மட்டும் இப்போதைக்குக் கையெழுத்து வேண்டாம். சில விவரங்களைப் பள்ளியில் கேட்டு வாங்குங்கள், பதில் திருப்தியாக இருந்தால் போடலாம்.

நான் சமுதாய சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கிராம சுகாதாரச் செவிலியர்களோடு பள்ளி பள்ளியாகப் போய், அவர்கள் ஊசி போடுவதைப் பக்கத்தில் நின்று மேற்பார்த்ததுதான் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி. அதனால் நீங்கள் கேட்டதற்கு நீட்டியே பதில் சொல்கிறேன்.

நாம் நர்ஸம்மா என்று கூப்பிடுகிறவரின் பதவிப் பெயர் கிராம சுகாதாரச் செவிலியர். அதற்கென்று உள்ள செவிலியர் படிப்பைப் படித்து, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பெயரைப் பதிவு செய்தவர். இப்போது அந்தப் படிப்பு இரண்டு வருடம். உங்களுக்கு மூத்த தலைமுறை நர்ஸம்மாக்கள் பதினெட்டு மாதப் படிப்பு முடித்து வந்தவர்கள். சமவெளியில் சுமார் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. அந்த நிலையத்தின் பொறுப்பு அவருடையது. பிறந்த குழந்தைக்கு இடது தோளில் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போடுகிறார்களே, அதில் மருந்து 0.05 மில்லிதான். தோலுக்குக் கீழே இறங்காமல் தோலுக்குள்ளேயே நின்று, சின்னப் பொரிபோல எழும்ப வேண்டும். தடுப்பூசிகளில் கஷ்டமான ஊசி அதுதான். வாரம் தவறாமல் அதைப் போட்டுப் பழகிய கைக்கு பத்து வயதுப் பையனின் தோள் தசையில் அரை மில்லி டிடி போடுவது சிரமமான காரியம் இல்லை. உண்மையைச் சொன்னால், ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர்கள் பலர் வருடத்தில் போடும் தடுப்பூசியைவிட அந்த அம்மா ஒரு புதன்கிழமையில் போடுவது அதிகம்.

அவர் விடுப்பில் இருந்தால் பகுதி சுகாதாரச் செவிலியர் வரலாம், சமுதாய சுகாதாரச் செவிலியர் வரலாம், ஆரம்ப சுகாதார நிலையத்து ஸ்டாஃப் நர்ஸ் வரலாம். நகராட்சி, மாநகராட்சிப் பள்ளிகளுக்கு நகர்ப்புற சுகாதாரச் செவிலியர் வருவார். மருத்துவ அலுவலர் வந்தால் அவரும் போடலாம். ஒரே வாரத்தில் மாவட்டம் முழுக்க நடக்கும் பெரிய முகாம்களில் நர்சிங் மாணவிகளையும் துணைக்குச் சேர்ப்பதுண்டு. அப்போது பதிவு பெற்ற செவிலியர் ஒருவர் பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டும். மாணவிகளை மட்டும் தனியாக அனுப்புவதை ஒரு நாளும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பள்ளிக்கு வருகிற எல்லோரும் ஊசி போடுகிறவர்கள் இல்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஆஷா பணியாளரும் அங்கன்வாடிப் பணியாளரும் பிள்ளைகளைத் திரட்டிக் கொண்டுவருவார்கள், ஊசியைத் தொடமாட்டார்கள். சுகாதார ஆய்வாளர் ஏற்பாடுகளைக் கவனிப்பார். பள்ளிகளுக்கு வண்டியில் வரும் நடமாடும் மருத்துவக் குழுவைப் பார்த்துப் பல பெற்றோர் இவர்கள்தான் ஊசிக்காரர்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியத் திட்டத்தின் குழு. அதன் நெறிமுறைப்படி இரண்டு ஆயுஷ் மருத்துவர்கள், ஒரு செவிலியர், ஒரு மருந்தாளுநர் அதில் இருப்பார்கள். பிறவிக் குறை, சத்துக் குறைவு, கண், பல், காது என்று பிள்ளைகளைப் பரிசோதித்து மேல்சிகிச்சைக்கு அனுப்புவதுதான் அவர்கள் வேலை.

மருந்துக்கடைக்காரர் போடலாமா என்ற குழப்பம் கொரோனாவுக்குப் பிறகு வந்தது. அந்த நேரத்தில் ஊசி போட ஆள் போதாமல் ஆகிவிடும் என்று மத்திய அரசின் வழிகாட்டி எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். டாக்டர்கள், செவிலியர்களோடு மருந்தாளுநர்களையும் பட்டியலில் சேர்த்தது. அது அந்தத் தொற்றுக் காலத்து ஏற்பாடு. பள்ளிப் பிள்ளைகளின் வழக்கமான தடுப்பூசி செவிலியர் கையில்தான் இருக்கிறது. ஆசிரியரைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. உடற்கல்வி ஆசிரியருக்கு முதலுதவி தெரியும் என்பதற்காக யாரும் அவர் கையில் சிரிஞ்சைக் கொடுத்துவிடக் கூடாது.

இனி உங்கள் கணவர் சொன்ன விஷயம். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட பிறகு நான்கு குழந்தைகள் இறந்துபோனார்கள். தமிழ்நாடே அதிர்ந்தது. அதற்குப் பிறகு அங்கன்வாடியிலும் ஊர்ச் சாவடியிலும் தடுப்பூசி போடுவதை நிறுத்தி, டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் குழந்தையைக் கொண்டுவந்தால்தான் ஊசி என்று அரசு மாற்றியது. அந்த நேரத்துப் பதற்றத்தில் அது புரிந்துகொள்ளக்கூடிய முடிவு. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நிலையத்துக்குக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, கூலியை விட்டு, நாள் முழுக்கக் காத்திருக்க எத்தனை தாய்மாரால் முடியும்? தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 2005–06இல் தமிழ்நாட்டில் எல்லாத் தடுப்பூசியும் போட்டுக்கொண்ட குழந்தைகள் 80.9 சதவீதம். 2015–16இல் அது 69.7 ஆகச் சரிந்துவிட்டது. சரிவுக்குப் பல காரணம் சொல்வார்கள். ஊசி ஊரைவிட்டுத் தூரம் போனது அதில் முக்கியமானது என்பது களத்தில் நின்ற என் கருத்து. பிறகு ஊருக்குள் தடுப்பூசி திரும்பி வந்தது. 2019–21 கணக்கெடுப்பில் 89.2 சதவீதம்.

இன்னொன்றையும் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். தட்டம்மை மருந்து பொடியாக வரும். அதற்கென்று தரும் கரைதிரவத்தை ஊற்றிக் கலக்க வேண்டும், கலக்கியதை நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சத்தை யாருக்கும் போடாமல் ஒதுக்கிவிட வேண்டும். தவறான திரவத்தைக் கலப்பதும், கலக்கியதை மறுநாள் வரை வைத்திருப்பதும் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் அந்த ஊசிக்கு அவ்வளவு கட்டுப்பாடு. உங்கள் மகனுக்குப் போடப்போகும் டிடி கலக்கத் தேவையில்லாத திரவ மருந்து. அந்த வகைத் தவறுக்கே அதில் இடமில்லை.

டாக்டர் அறையில் நிற்பது கட்டாயமா என்று கேட்டால், இல்லை. ஆனால் செவிலியருக்குப் பின்னால் ஒரு டாக்டர் இருக்கத்தான் வேண்டும். எந்தப் பள்ளி, எந்தத் தேதி, எத்தனை பிள்ளைகள் என்பதெல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முன்பே திட்டமிட்டு மருத்துவ அலுவலர் ஒப்புதலோடு நடக்கும் வேலை. ஊசி நேரத்தில் அவர் போனில் கிடைக்க வேண்டும். ஒவ்வாமை அதிர்ச்சி வந்தால், டாக்டர் வரும் வரை காத்திருக்காமல் வயதுக்கேற்ற அளவில் ஒரு தவணை அட்ரினலின் ஊசியைத் தசையில் போட கிராம சுகாதாரச் செவிலியருக்கு அனுமதி உண்டு, அதற்குப் பயிற்சியும் உண்டு. இங்கிலாந்தில்கூடப் பள்ளித் தடுப்பூசியைப் பெரும்பாலும் செவிலியர் குழுக்கள்தான் நடத்துகின்றன. எழுத்து மூலமான மருத்துவ உத்தரவின் கீழ், டாக்டர் பக்கத்தில் இல்லாமலேயே போடுகிறார்கள்.

ஆகவே டாக்டரா நர்ஸா என்பதைவிட நீங்கள் அழுத்திக் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் என் பிள்ளையோடு யார் இருப்பார்கள்? கடுமையான ஒவ்வாமை வருவது மிக மிக அபூர்வம். வந்தால் பெரும்பாலும் அந்த அரை மணிக்குள் தெரிந்துவிடும். பெரிய டாக்டரே வந்து போட்டுவிட்டு அடுத்த நிமிடம் காரில் ஏறிப் போய்விட்டால் அந்த அரை மணிக்கு என்ன பாதுகாப்பு? அட்ரினலின் உள்ள அவசரப் பெட்டியை மேசையில் வைத்துக்கொண்டு, கடைசிப் பிள்ளைக்கு அரை மணி முடியும் வரை எழுந்திருக்காத நர்ஸம்மாதான் எனக்குப் பெரியவர்.

மகள் பள்ளியில் போன வருடம் நடந்தது பெரும்பாலும் பயத்தில் வரும் மயக்கமாகத்தான் இருக்கும். பதின்வயதுப் பிள்ளைகளிடம், அதிலும் பெண்பிள்ளைகளிடம், இது சகஜம். காலையில் சாப்பிடாமல் வந்திருப்பார்கள். வராந்தாவில் வெயிலில் வரிசையாக நிற்க வைத்திருப்பார்கள். முன்னால் நிற்கிறவள் கையில் ஊசி இறங்குவதையும் அவள் முகம் சுளிப்பதையும் பின்னால் இருக்கிறவள் பார்த்துக்கொண்டே நகர்வாள். ஒருத்தி சரிந்தால் போதும், அடுத்தவளுக்கு வியர்க்கும், கை சில்லிடும், கண் இருட்டும். மருந்தே ஏறாத பிள்ளைகூட விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். அது நடிப்பு என்று சில ஆசிரியர்கள் திட்டுவார்கள். அது தவறு, உடம்பில் உண்மையாகவே ரத்த அழுத்தம் இறங்குகிறது. படுக்க வைத்துக் காலைத் தூக்கிவிட்டால் ஓரிரு நிமிடத்தில் தெளிந்துவிடுவார்கள்.

ஒவ்வாமை அதிர்ச்சி அப்படி இருக்காது. உடம்பில் தடிப்புத் தடிப்பாக எழும்பும், உதடும் கண்ணிமையும் வீங்கும், மூச்சில் விசில் சத்தம் வரும், வாந்தி வரலாம். நாடி மெலிந்து வேகமாக ஓடும். படுக்க வைத்தாலும் தெளியாது. பயமயக்கத்தில் நாடி நிதானமாகத் துடிக்கும். இந்த வித்தியாசத்தை விரல் வைத்துப் பார்த்துச் சொல்லக்கூடியவர் அங்கே இருக்க வேண்டும். பள்ளியில் ஊசி போடத் தகுதி என்று நான் எதைச் சொல்கிறேன் என்றால் இதைத்தான். ஊசியைக் குத்த ஒரு வாரத்தில் யாருக்கும் கற்றுக்கொடுத்துவிடலாம். மயங்கிக் கிடக்கும் பிள்ளையைப் பார்த்த மாத்திரத்தில் இது எந்த மயக்கம் என்று பிரித்தறிவதற்குத்தான் படிப்பும் அனுபவமும் வேண்டும்.

இதைத் தடுக்கப் பள்ளியால் நிறையச் செய்ய முடியும், செலவும் இல்லை. காத்திருக்கும் பிள்ளைகள் ஓர் அறை, ஊசி போடுவது வேறு அறை, போட்டவர்கள் உட்காருவது மூன்றாவது அறை. ஊசி போடும்போது பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும், முன்பு மயங்கிய பிள்ளையைப் படுக்க வைத்தே போடலாம். சாப்பிடாமல் வந்தவருக்கு முதலில் இரண்டு பிஸ்கட்டும் தண்ணீரும். ஆசிரியரின் இடம் அந்த மூன்றாவது அறை. பேர் கூப்பிட்டு, பேச்சுக் கொடுத்து, முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இனி மகளின் முகாம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி நல்ல ஊசி, அவள் வயது அதற்குச் சரியான வயது. அதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. “பயிற்சி பெற்ற குழுவினர்” என்ற சொல்லில்தான் என் தயக்கம். யார் பயிற்சி கொடுத்தது, எந்தக் குழுமத்தில் பதிவு? தனியார் முகாமில் அரசு ஏற்பாட்டின் பின்பலம் தானாக வந்துவிடாது. அங்கே ஒரு டாக்டர் பெயர், பதிவு எண்ணோடு, பொறுப்பாளராக எழுத்தில் இருக்க வேண்டும். முகாம் நடக்கும் நேரம் முழுக்க அவர் அந்த வளாகத்தில் இருக்க வேண்டும் என்று கேட்பது அதிகப்படியான கோரிக்கை ஆகாது. ஊசி போடுகிறவர்கள் பதிவு பெற்ற செவிலியர்களா, எந்த மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள், ஒரு பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் போனால் எங்கே கொண்டுபோவார்கள் என்பதைப் பள்ளி முதல்வரிடம் எழுதிக் கேளுங்கள். எழுதிக் கேட்டால்தான் எழுதிப் பதில் வரும்.

அதோடு மருந்து எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஓர் ஊரில், முகாம் நடத்த வந்த ஆட்கள் மருந்தைச் சாதாரண தெர்மாகோல் பெட்டியில், உறைந்த ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் புதைத்துக் கொண்டுவந்தார்கள். குளிர்ச்சியாக இருக்கிறதே என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். ஹெச்.பி.வி. மருந்தும் (கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியைத்தான் அப்படிச் சொல்வார்கள்) சரி, டிடி மருந்தும் சரி, 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூடானாலும் கெடும், உறைந்தாலும் கெடும். உறைந்து உருகிய மருந்தைப் போட்டால் பாதுகாப்புக் கிடைக்காது, பிள்ளைக்கு வலிதான் மிச்சம். நம் நர்ஸம்மாக்கள் புதன்கிழமை காலையில் ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ்பேக்கை உடனே கேரியரில் வைக்கமாட்டார்கள். மேசையில் பரப்பி வைத்து, மேலே தண்ணீர் முத்து முத்தாய் வேர்த்த பிறகு ஒவ்வொன்றாகக் காதருகே கொண்டுபோய்க் குலுக்கிப் பார்ப்பார்கள். உள்ளே தண்ணீர் சளக் சளக் என்று ஆடும் சத்தம் கேட்டால்தான் நான்கு பக்கமும் நான்கு பேக் வைத்து, நடுவில் மருந்தை வைத்து மூடுவார்கள்.

முகாமுக்குப் போகும் பெற்றோர் கண்ணால் பார்த்துக்கொள்ளக் கூடியவையும் உண்டு. அரசு மருந்துக் குப்பியின் மேல் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் அச்சிட்டிருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் மருந்து பயன்படுத்தத் தக்கது. வட்டத்தின் நிறத்துக்குச் சமமாகவோ அதைவிடக் கருத்தோ போயிருந்தால் சூடுபட்டுவிட்டது என்று அர்த்தம், அதைப் போடக்கூடாது. அரசு ஊசியில் வரும் சிரிஞ்ச் ஒரு தடவை அழுத்தியதும் பூட்டிக்கொள்ளும், மறுபடி இழுக்க வராது. போட்டு முடித்த ஊசிமுனையை அங்கேயே ஒரு சின்னக் கருவியில் வெட்டிவிடுவார்கள். இதையெல்லாம் பெற்றோர் நின்று பார்ப்பதில் நல்ல செவிலியர் யாரும் கோபப்படமாட்டார். நான் மேற்பார்த்த பெண்கள் குப்பியைக் கையில் எடுத்துக் காட்டியே பேசுவார்கள்.

ஹெச்.பி.வி.க்கு இன்னொரு கேள்வியும் இருக்கிறது. 15 வயதுக்குள் தொடங்கினால் ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணை என்பதுதான் இங்கே தனியாரில் உள்ள வழக்கம். ஒரு தவணையும் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னது. இந்த முகாம் எதைப் பின்பற்றுகிறது? இரண்டு தவணை என்றால் ஆறு மாதம் கழித்து இதே ஆட்கள் வருவார்களா, அதற்கும் சேர்த்துத்தான் பணமா? தமிழ்நாடு அரசு 2025–26 நிதிநிலை அறிக்கையில் 14 வயதுச் சிறுமிகளுக்கு இந்த ஊசியை இலவசமாகப் போடும் திட்டத்தை அறிவித்தது. உங்கள் மகளும் அந்த வயதை ஒட்டித்தான் இருக்கிறாள். பணம் கட்டும் முன் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு நடை போய், இங்கே எப்போது, எந்த வயதுக்குப் போடுகிறீர்கள் என்று கேட்டுவிடுங்கள். பள்ளி முதல்வர் அவசரப்படுத்தினால், அடுத்த மாதம் போட்டாலும் இந்த ஊசியின் பலன் குறையாது என்று சொல்லுங்கள்.

கையெழுத்து விஷயத்தில் உங்களுக்கு உரிமை இருக்கிறது. பள்ளிகளில் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போடுவது தொடர்பான வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2019 ஜனவரியில் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று சொன்னது. எல்லாப் பெற்றோருக்கும் சம்மதத் தாள் போக வேண்டும், திரும்பி வராவிட்டால் வகுப்பாசிரியர் போனில் கூப்பிட்டுக் கேட்டு அதைப் பதிவு செய்ய வேண்டும், ஊசியின் பக்கவிளைவுகளையும் யாருக்குப் போடக்கூடாது என்பதையும் விளம்பரத்தில் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றது. வழக்கு டெல்லியைச் சேர்ந்ததுதான். ஆனால் அந்த நியாயம் எந்த ஊருக்கும் பொருந்தும். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை–ரூபெல்லா முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் வந்த புரளியை நம்பி எத்தனையோ பெற்றோர் அந்த வாரம் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை ஒன்றேமுக்கால் கோடிப் பிள்ளைகளுக்குப் போட வேண்டிய முகாம் அது. யார் வருகிறார், என்ன போடுகிறார் என்று முன்கூட்டியே பெற்றோரைக் கூட்டி வைத்துப் பேசிய பள்ளிகளில் அந்தப் பயம் வெகு சீக்கிரம் அடங்கியதை நான் நேரில் கண்டேன். தாளில் ஒரு வரி அச்சடித்து அனுப்புவது சம்மதம் கேட்பது ஆகாது. உங்கள் மகன் பள்ளித் தலைமையாசிரியரிடமும் இதைச் சொல்லலாம், நர்ஸம்மாவையே ஒரு நாள் முன்னதாக வந்து பேசச் சொல்லலாம். அவர் மறுக்கமாட்டார்.

டிடி எதற்கு என்று தாளில் போட்டிருக்காது, நான் சொல்கிறேன். முன்பு பத்து வயதிலும் பதினாறு வயதிலும் ரணஜன்னிக்கு மட்டும் ஊசி போட்டோம். இப்போது அதோடு தொண்டை அடைப்பான் தடுப்பும் சேர்ந்திருக்கிறது. கைக்குழந்தையில் போட்ட முத்தடுப்பு ஊசியின் பலம் வருடம் போகப் போகக் குறையும். பக்கத்துக் கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்தில் 2015, 2016 வருடங்களில் தொண்டை அடைப்பான் திரும்பி வந்து பிள்ளைகளின் உயிரைக் குடித்தது. முடிந்துபோன நோய் என்று நாம் நினைத்திருந்த நோய் அது.

வலிப்பு மாத்திரை சாப்பிடுவதும், இரண்டு வருடமாக வலிப்பு வராமல் இருப்பதும் டிடி ஊசிக்குத் தடையில்லை. லேசான சளியும் தடையில்லை. கடும் காய்ச்சல் இருந்தால் தள்ளிப் போடுங்கள். முன்பு ஏதாவது தடுப்பூசியால் மூச்சுத்திணறலோ உடம்பெல்லாம் தடிப்போ வந்திருந்தால் பள்ளியில் வேண்டாம், டாக்டரைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியது, சம்மதத் தாளின் பின்பக்கத்தில் மாத்திரையின் பெயரையும் அளவையும் கடைசியாக வலிப்பு வந்த மாதத்தையும் உங்கள் கைபேசி எண்ணையும் எழுதிவிடுவது. வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிட்டு, நர்ஸம்மாவுக்கும் போன் போட்டு ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஊர்க்காரர்தானே. மனசு கேட்கவில்லை என்றால் புதன்கிழமை காலை நீங்களும் பள்ளிக்குப் போய் அந்த மூன்றாவது அறையில் மகன் பக்கத்தில் உட்காருங்கள். வழக்கமான மாத்திரையை அன்று காலையும் மறக்காமல் கொடுத்து அனுப்புங்கள், இட்லியோ தோசையோ வயிறு நிறையச் சாப்பிடட்டும்.

ஊசி போட்ட இடம் ஓரிரு நாள் வலிக்கும், தொட்டால் கெட்டியாக இருக்கும். தேய்க்க வேண்டாம், ஈரத்துணி வைத்தால் போதும். லேசான காய்ச்சல் வந்தால் அவன் எடைக்கேற்ற அளவு பாராசிட்டமால் கொடுங்கள். மறுநாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால், அல்லது வலிப்பு வந்தால், நர்ஸம்மாவிடம் கட்டாயம் தெரிவியுங்கள். ஊசிக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறதோ இல்லையோ, பதிவு செய்வது அவர் கடமை. இரவு நேரமானால் 108.

போட்ட தேதியைத் தடுப்பூசி அட்டையில் எழுதி வாங்கிவிடுங்கள். அட்டை தொலைந்திருந்தால் புதிதாக ஒன்று கேளுங்கள், அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான யூ-வின்னில் ஏற்றச் சொல்லுங்கள். பதினாறு வயதில் அடுத்த டிடி போடும்போது இது எப்போது போட்டது என்ற கேள்வி வரும். புதன்கிழமை தவறிப்போனால் பதற வேண்டாம், அடுத்த புதன்கிழமை உங்கள் துணை சுகாதார நிலையத்துக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ மகனைக் கூட்டிப்போனால் அங்கேயே இலவசமாகப் போட்டுவிடுவார்கள்.